பிறபொருளெதிரிகளும் புற்றுநோய் ஆராய்ச்சியும்

கண்ணாற் காணவியலாத ஒரு பொருளைக் கண்டோம் என ஆய்வாளர் ஒருவர் கூறுவாராயின், அதனை எவ்வாறு கண்டீர் என வினவுதல் கற்போர் கடனாகும். புற்றுநோயைப் பற்றிய இக்கால ஆராய்ச்சியிலே இவ்வினாவிற்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, பிறபொருளெதிரியைக் கொண்டு கண்டோம் என்பதே. இன்ன புற்றிலே இன்ன புரதம் மிகுந்துள்ளது என்றும், இன்ன புரதம் இல்லாதொழிந்தது என்றும் நாம் படிக்கும் செய்திகளுட் பலவற்றின் அடியிலே இவ்விடைதான் கிடக்கின்றது. அது எத்துணை உறுதியுடையது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். யான் விஞ்ஞானம் பயின்று பட்டம் பெற்றவனல்லேன். கலைப் பட்டத்தையும் வெளிவாரி மாணவனாயிருந்தே பெற்றவன். ஆயினும், சாட்சியை விசாரியாது தீர்ப்புக் கூறலாகாது என்பதை அறிய விஞ்ஞானப் பட்டம் வேண்டுவதில்லையன்றோ?

பிறபொருளெதிரி என்பது இரத்தத்திலுள்ள ஒருவகைப் புரதம். உடலுக்குப் புறம்பான பொருளொன்று உள்ளே புகுந்தவிடத்து, அதனைப் பற்றிக்கொள்ளும் பொருட்டு வெண்குழியங்களுள் ஒரு வகையின இதனை ஆக்குகின்றன. தமிழ்நாட்டார் இதனை எதிர்ப்பொருள் என வழங்குவர். நம் நாட்டுப் பாடநூல்கள் பிறபொருளெதிரி என்னும். சொல் நீண்டதாயினும் தன் தொழிலைத் தானே விளக்கி நிற்றலின் எனக்கு இதுவே உவப்பானது. எனினும் இப்பெயரில் ஒரு குறையுமுண்டு. பிறபொருளை மட்டுமன்றித் தன் உடலிலுள்ள பொருளையும் இது சிலவேளைகளில் எதிர்க்கும். அக்குறையே பின்னர் நாம் காணவிருக்கும் ஒரு பெருங் கண்டுபிடிப்புக்கு வழிசெய்தது.

இதன் வடிவம் கவைக்கோலை ஒத்தது. இரு கிளைகளின் நுனிகளும் பற்றுவதற்கு உரியன; அடித்தண்டு மற்றையவை வந்து பொருந்துதற்கு இடமாவது. ஈண்டு மாணவர் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நுனி பற்றுவது ஒரு புரதம் முழுவதையுமன்று. அதன் மேற்பரப்பிலுள்ள மிகச் சிறியதொரு பகுதியையே. பி-53 என்னும் புரதம் 393 அமினோ அமிலங்களாலானது. அதனைக் கண்டறிவதற்கு உலகெங்கும் வழங்கும் பிறபொருளெதிரிகளுள் ஒன்றாகிய டி.ஓ.-1 என்பது, அவற்றுள் 20 ஆவது முதல் 25 ஆவது வரையுள்ள ஆறினை மாத்திரமே அறியும். ஒருவனுடைய முகத்தையோ பெயரையோ அறியாது, அவன் தோளிலுள்ள மறு ஒன்றை மட்டும் அறிந்த சாட்சிக்கு இதனை ஒப்பிடலாம். அதனை ஒத்த மறு வேறொருவன் தோளிலும் இருந்தால் அவனையும் சுட்டும். உரியவனே வந்தும் மறு ஆடையால் மறைந்திருந்தால் அவனை அறியாது விட்டுவிடும். பிறபொருளெதிரியின் ஆற்றலும் அதனால் வரும் இடரும் இவ்வொரு பண்பினின்றே பிறக்கின்றன.

முற்காலத்தில் இவற்றைப் பெறுதற்கு முயலுக்கோ ஆட்டுக்கோ ஒரு புரதத்தை ஊசிமூலம் ஏற்றி, சில வாரங்களின் பின் அதன் குருதியினின்றும் நீர்ப்பாயத்தைப் பிரித்தெடுப்பர். அதிலே பலவகைக் கலங்கள் ஆக்கிய பலவகைப் பிறபொருளெதிரிகள் கலந்திருக்கும். ஒரு முயலின் நீர்ப்பாயம் முடிந்துவிட்டால் மறுமுயல் அதே கலவையைத் தருமென்பதற்கு உறுதியில்லை. 1975 இல் கேம்பிரிட்சிலே ஜோர்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டைன் என்னும் இருவர் இவ்விடர்ப்பாட்டை நீக்கினர். பிறபொருளெதிரி ஆக்கும் சுண்டெலிக் கலம் நற்பண்புடையதாயினும் ஆய்வுகூடத்தில் நெடுநாள் வாழாது. அதே வகுப்பைச் சார்ந்த புற்றுக்கலமோ சாவின்றிப் பெருகும். இவ்விரண்டையும் இணைத்து ஒரு கலமாக்கி, அதன் வழித்தோன்றல்களைத் தனியே வளர்த்தவிடத்து, ஒரே வகைப் பிறபொருளெதிரி வற்றாது கிடைத்தது. புற்றைத் துப்பறிதற்குரிய கருவியைப் புற்றுக்கலமே ஆக்கித் தருதல் வியக்கத்தக்கதே. இவர்களிருவருக்கும் நீல்ஸ் யேர்ண் என்பாருக்கும் 1984 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பற்றிக்கொண்டதைக் கண்ணுக்குப் புலனாக்குதல் எளிது. 1941 இல் அமெரிக்கராகிய அல்பேட் கூன்ஸ் முதலானோர் ஒளிரும் சாயமொன்றைப் பிறபொருளெதிரியோடு இணைத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தனர். வைத்தியசாலைகளில் இக்காலத்தே மிகுதியும் வழங்குவது வேறொரு முறை. குதிரைமுள்ளங்கி என்னும் கிழங்கிலிருந்து பெறப்படும் நொதியமொன்றைப் பிறபொருளெதிரியோடு சேர்த்து, நிறமற்ற இரசாயனப் பொருளொன்றை அதன்மீது விடுவர். நொதியம் உள்ளவிடத்து அப்பொருள் பழுப்பு நிறமாகிப் படியும். வெட்டியெடுத்த கட்டியை மெழுகிற் பதித்து, மயிரினும் மெல்லிய சீவலாக அரிந்து, கண்ணாடித் தட்டிலே பரப்பி, இவ்வாறு நிறமேற்றிப் பார்க்குங்கால், புரதம் உள்ள கலங்கள் பழுத்த இலைகளைப் போலத் தோன்றும்.

இப்பழுப்பு நிறத்தைப் பொறுத்து மனிதருடைய வாழ்வும் அமையக்கூடும். மார்பகப் புற்றுகளுட் சிலவற்றில் ஹெர்-2 என்னும் புரதம் கலத்தின் மேற்பரப்பிலே மிகைபட நிற்கும். இத்தகைய புற்று விரைந்து பரவும் இயல்பினது என்பதை 1987 இல் டெனிஸ் சிலேமனும் அவர்தம் குழுவினரும் காட்டினர். அப்புரதத்தையே பற்றும் பிறபொருளெதிரி ஒன்று, துராஸ்துசுமாப் என்னும் பெயருடன், 1998 இல் அமெரிக்காவிலே மருந்தாக ஏற்கப்பட்டது. யாருக்கு அதனைக் கொடுப்பது? கட்டியின் சீவலை நிறமேற்றி 0 முதல் 3 வரை புள்ளியிடுவர். 3 ஆயின் மருந்துக்கு உரியது. 2 ஆயின் ஐயம், ஆகவே பரம்பரையலகின் பிரதிகளையே எண்ணிப் பார்ப்பர். 0 ஆயின் அம்மருந்து கொடுக்கப்படுவதில்லை. நிறம் பொய்யாகத் தோன்றினாற் பயனற்ற மருந்தொன்றை, அதுவும் சிலருடைய இதயத்தைத் தளர்த்தக்கூடிய மருந்தை, ஒரு பெண் ஏற்க நேரிடும். நிறம் பொய்யாகத் தோன்றாதொழிந்தாலோ உயிர் காக்கும் மருந்தை அவள் இழப்பாள்.

ஆய்வுகூடத்திலே சாட்சியை எவ்வாறு விசாரிக்க வேண்டும் என்பதற்குப் பி-53 இன் வரலாற்றினும் சிறந்த பாடத்தை யான் அறியேன். 1960 இல் குரங்கின் சிறுநீரகக் கலங்களிலே எஸ்.வி.-40 என்னும் வைரசு கண்டுபிடிக்கப்பட்டது. பிறந்த சில நாட்களேயான ஹம்ஸ்டர் என்னும் கொறிவிலங்குகளில் அதனை ஏற்றினாற் கட்டிகள் தோன்றும். அக்கட்டிகளிலே வைரசுக்குரிய ஒரு புரதம் உண்டு. அதனை ரி-புரதம் என்பர். கட்டியுற்ற விலங்கு அதனை எதிர்த்துத் தன் குருதியிலே பிறபொருளெதிரிகளை ஆக்கும். எனவே ரி-புரதத்தை ஆராய விரும்பியோர்க்கு அவ்விலங்கின் நீர்ப்பாயமே கருவியாயிற்று.

முறை இதுதான். கலங்களுக்குக் கதிரியக்கமுள்ள அமினோ அமிலத்தை ஊட்டினால் அவை ஆக்கும் புரதங்கள் யாவும் கதிரியக்கம் உடையனவாகும். பின்னர்க் கலங்களைக் கரைத்து, அக்கரைசலில் நீர்ப்பாயத்தைச் சேர்ப்பர். பிறபொருளெதிரி தனக்குரிய புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அதனை வெளியே இழுப்பது எங்ஙனம்? ஒருவகைப் பற்றீரியாவின் மேற்பரப்பு பிறபொருளெதிரியின் அடித்தண்டைப் பற்றவல்லது. அதனைச் சேர்த்துச் சுழற்றினால் யாவும் ஒருங்கே அடியிற் படியும். அப்படிவை உறைகூழ்ப் படலமொன்றிலே இட்டு மின்னைச் செலுத்த, சிறிய புரதம் விரைந்தும் பெரிய புரதம் தாழ்த்தும் செல்லும். இறுதியிலே கதிர்ப்படச் சுருளை அதன்மேல் வைத்தால், ஒவ்வொரு புரதமும் ஒரு கருங்கோடாகப் பதியும்.

எதிர்பார்த்த கோடு ரி-புரதத்தினது. அது 90,000 டால்ற்றனுக்குச் சற்று மேற்பட்ட இடத்திலே தோன்றிற்று. ஆனால் 53,000 அளவில் இன்னொரு கோடும் உடன் தோன்றிற்று. அழையா விருந்தாளி போல் வந்த அக்கோட்டினை அழுக்கென்று தள்ளிவிடுதல் எளிது. அவ்வாறு தள்ளாது ஆராய்ந்தவர்களே புகழ் பெற்றனர். 1979 இல் இலண்டனிலே டேவிட் லேன், லயனல் குரோபோட் ஆகியோரும், அமெரிக்காவிலே பிரின்சிற்றனில் டானியல் லின்சர், ஆர்னல்ட் லெவின் ஆகியோரும் அதைப்பற்றி எழுதினர். அதே ஆண்டிலே பிரான்சிலும் நியூயோர்க்கிலும் வேறு குழுவினரும் அப்புரதத்தை எதிர்ப்பட்டனர்.

அக்கோட்டிற்கு மூன்று விளக்கங்கள் கூறலாம். அது ரி-புரதத்தின் உடைந்த துண்டாயிருக்கலாம். அல்லது நீர்ப்பாயத்திலே அதற்கென வேறொரு பிறபொருளெதிரியும் இருந்திருக்கலாம். அல்லது எவ்வகைப் பிறபொருளெதிரியும் அதனை நேரே பற்றாதிருக்க, ரி-புரதத்தோடு பிணைந்திருந்தமையால் அது கூடவே இழுபட்டு வந்திருக்கலாம். கோடு ஒன்றே, பொருள் மூன்று. லின்சரும் லெவினும் வைரசு ஒருபோதும் தீண்டாத ஒருவகைக் கருப்புற்றுக் கலங்களிலும் அதே நீர்ப்பாயத்தைச் சேர்த்துப் பார்த்தனர். ரி-புரதம் அங்கே இருக்க வழியில்லை. எனினும் கோடு தோன்றிற்று. ஆகவே அது வைரசின் துண்டன்று, கலத்தின் சொந்தப் புரதமே. அதனை நேரே பற்றும் பிறபொருளெதிரியும் நீர்ப்பாயத்தில் இருந்தது என்பது பெறப்பட்டது. இலண்டன் ஆய்வாளரோ ரி-புரதமும் அதுவும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதைக் காட்டினர். ஆகவே முதல் விளக்கம் வீழ்ந்தது. ஏனைய இரண்டும் மெய்யாயின.

ஹம்ஸ்டர் தன் சொந்தப் புரதத்தையே எதிர்த்தது என்பது இதனாற் போதரும். பெயரிலுள்ள குறை என முன்னர்க் கூறியது இதனையே. மனிதரிடத்தும் இஃது உண்டு என்பது 1982 இல் தெரியவந்தது. மார்பகப் புற்றுற்ற பெண்களின் குருதியைக் குரோபோட் முதலானோர் சோதித்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பதின்மரிடம் பி-53 ஐ எதிர்க்கும் பிறபொருளெதிரி காணப்பட்டது.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லுதல் தகும். பி-53 என்பதிலுள்ள எண் படலத்திலே அது நின்ற இடத்தைக் குறிப்பது. மெய்யான நிறை ஏறத்தாழ 43,700 டால்ற்றனே. புரோலின் என்னும் அமினோ அமிலம் செறிந்த பகுதியொன்று அதிலிருப்பதால் அது தாழ்த்தே செல்கின்றது. அளவுகோலின் பிழை பெயராக நிலைத்துவிட்டது. அதனை இனி மாற்றுவாரில்லை.

பெயரிலும் பெரிய பிழையொன்று அதன் தொழில் பற்றி எழுந்தது. புற்றுக்கலங்களிலே அது மிகுந்து காணப்பட்டமையால், அதுவே புற்றை விளைப்பது எனப் பத்தாண்டுக் காலம் எண்ணினர். 1989 இல் அக்கருத்துத் தலைகீழாயிற்று. அதுவரை ஆய்வுகளிற் பயன்பட்ட பரம்பரையலகின் பிரதிகள் பல விகாரமுற்றவை என்பதும், விகாரமுறாத பி-53 புற்றினை அடக்குவது என்பதும் லெவினின் குழுவினராலும், பெருங்குடற் புற்றினை ஆராய்ந்த பேட் வோகல்ஸ்டைனின் குழுவினராலும் நிறுவப்பட்டன. மனிதப் புற்றுகளுள் ஏறத்தாழப் பாதியிலே இப்பரம்பரையலகு பழுதுற்றிருக்கின்றது.

அவ்வாறாயின் காவற்காரன் கெட்டவிடத்து அவன் கூட்டம் பெருகித் தோன்றுவதேன்? நற்கலத்திலே பி-53 ஆக்கப்பட்ட சிறிது நேரத்திலேயே அழிக்கப்படும். ஆகவே நிறமேற்றினாற் சில கரு மாத்திரம் மங்கலாகத் தெரியும். விகாரமுற்ற பி-53 அழிவின்றித் தேங்கும்; ஆகவே எல்லாக் கருக்களும் கடும் பழுப்பாகத் தோன்றும். விகாரம் பரம்பரையலகின் வாசகத்தை இடையிலே துண்டித்துவிட்டாலோ புரதமே ஆகாது. அப்பொழுது நிறம் சற்றுமிராது. ஆகவே மிகக் கடுமையும் பழுதின் குறி. முற்றும் இன்மையும் பழுதின் குறி. இடைப்பட்ட மங்கலே நலத்தின் குறி. நிறம் இருந்தால் நோய், இல்லையேல் நலம் என்று படித்தவர் இங்கே வழுக்கி விழுவர். இன்னுமொன்று: நிறம் இல்லாதிருப்பது புரதம் இன்மையாலோ, நிறமேற்றல் பழுதுற்றமையாலோ? இதனைத் தெளிவதற்கு அனுபவமுடைய நோயியல் நிபுணர் அதே தட்டிலே புற்றின் அயலிலுள்ள நற்கலங்களை நோக்குவார். அவற்றில் மங்கல் நிறம் தோன்றினாலன்றிப் புற்றின் வெறுமையை அவர் நம்புவதில்லை. கருவியின் நேர்மைக்கு அயலான் சான்று பகர்கின்றான்.

ஆயினும் எல்லாச் சாட்சிகளும் இவ்வாறு விசாரிக்கப்படுவதில்லை. கனடாவிலே ரொறன்ரோ நகரத்தில் எலெப்தேரியஸ் டயமண்டிஸ், யொவானிஸ் பிரஸாஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் கணையப் புற்றினைக் குருதியிலே முன்னறிதற்குரிய புரதமொன்றைத் தேடினர். கணையப் புற்று பெரும்பாலும் முற்றிய பின்னரே வெளிப்படுவது. ஆகலின் அத்தேட்டம் மிக்க நன்னோக்குடையது. சி.யூ.இசட்.டி.-1 என்னும் புரதம் நோயாளரின் குருதியில் மிகுந்திருப்பதாக, விலைக்கு வாங்கிய சோதனைத் தொகுதியொன்று காட்டிற்று. ஆய்வாளர் மகிழ்ந்தனர். பின்னர், அத்தொகுதி மெய்யாக எதனைப் பற்றுகின்றது என ஐயுற்று, பற்றப்பட்ட புரதத்தைத் துண்டித்துத் துண்டுகளின் திணிவை அளந்து பார்த்தனர். அது பற்றியது சி.யூ.இசட்.டி.-1 அன்று, சூலகப் புற்றின் குறியாக நெடுங்காலம் அறியப்பட்ட சி.ஏ.-125 என்னும் வேறொரு புரதமே அது. ஈராண்டு உழைப்பும், ஏறத்தாழ ஐந்து இலட்சம் டாலரும், நோயாளர் மனமுவந்து அளித்த குருதி மாதிரிகள் பலவும் வீணாயின. 2014 இல் அவர்கள் இதனை மறையாது எழுதி வெளியிட்டனர். வெற்றியை எழுதுவோர் பலர். இவ்வாறான தோல்வியை எழுதுவோர் சிலர். இக்கட்டுரையிலே நான் பெயர் குறித்த ஆய்வாளர் எல்லோருள்ளும் இவர்களிடத்தே எனக்கு மதிப்பு மிகுதி.

இங்கே உற்று நோக்கத்தக்கது, சோதனை முற்றும் பொய்யாக நிகழவில்லை என்பது. சி.ஏ.-125 கணையப் புற்றிலும் மிகக்கூடியது. ஆகவே நோயாளருக்கும் நலமுடையாருக்கும் வேறுபாடு மெய்யாகவே இருந்தது. எண்கள் ஒழுங்காகவே வந்தன. மறு மெய், ஆள் வேறு. எண்களின் ஒழுங்கைக் கொண்டு மாத்திரம் இத்தகைய பிழையைக் கண்டுபிடித்தல் இயலாது.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2017 இல் வெளியிட்டது இதனினும் பரந்தது. ஈஸ்திரசன் என்னும் ஓமோனுக்குரிய வாங்கிகள் இரண்டனுள் பீற்றா எனப்படுவதைப் பற்றி இருபதாண்டு காலமாகப் பல கட்டுரைகள் தோன்றியிருந்தன. மார்பகப் புற்றிலே அதன் பங்கு யாதெனக் கருத்து வேறுபாடும் ஓயவில்லை. இவர்கள் அதற்கென வழங்கிய 13 பிறபொருளெதிரிகளை ஒருங்கே வைத்துச் சோதித்தனர். இழையச் சீவலிலே அவ்வாங்கியை மட்டும் பற்றியது ஒன்றே ஒன்று. அதுவும் அருகி வழங்கியது. அதனைக் கொண்டு பார்த்தபோது மார்பக இழையத்திலோ மார்பகப் புற்றிலோ அவ்வாங்கி குறிப்பிடத்தக்க அளவிற் காணப்படவில்லை. நெடுங்காலம் நிகழ்ந்த வாதத்தின் இருபக்கத்தாரும் இல்லாத பொருளைப் பற்றி வாதிட்டிருக்கக்கூடும் என்பது எண்ணுந்தொறும் துயர் தருவது.

சாட்சியைச் சோதித்தற்குப் பல வழிகளுள. படலத்திலே கோடு உரிய நிறையில் தோன்றுகின்றதா என்பது ஒன்று. ஆயின் பி-53 இன் பெயரே காட்டுமாறு நிறை முழுச் சான்றாகாது. ஒரே புரதத்தின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றும் இரு பிறபொருளெதிரிகள் ஒரே விடை தருகின்றனவா என்பது மற்றொன்று. இவையெல்லாவற்றினும் கூர்மையானது, குறித்த பரம்பரையலகை முற்றும் நீக்கிய கலங்களைச் சோதித்தலாகும். டி.என்.ஏ. ஐ விரும்பிய இடத்தில் வெட்டும் முறைகள் 2012 இன் பின் எளிதாயினமையால் இதுவும் எளிதாயிற்று. புரதமே இல்லாத கலத்திலும் கோடு தோன்றுமாயின் அச்சாட்சி பொய்ச்சாட்சி.

ஓரிடத்தில் மெய் கூறும் பிறபொருளெதிரி மற்றோரிடத்தில் தவறுதலும் உண்டு. படலத்திலே புரதம் மடிப்பு விரிந்து நீண்டு கிடக்கும். உயிர்க்கலத்திலே மடிந்து நிற்கும். வைத்தியசாலைச் சீவலிலோ போமலின் அதனைப் பிணைத்து இறுக்கிவிடும். ஆடையால் மறைந்த மறு என முன்னர்ச் சொன்னது இந்நிலையே. 1991 இல், சீவல்களை நுண்ணலை அடுப்பிலே நீரிலிட்டுக் கொதிக்க வைத்தால் அப்பிணைப்பு நெகிழும் என அமெரிக்காவிற் கண்டனர். அடுக்களைச் சாதனமொன்றாற் பல்லாண்டுகளாக அலுமாரிகளிற் கிடந்த பழைய கட்டித் துண்டுகளும் பேசத் தொடங்கின. ஆயினும் எத்துணை நேரம் கொதித்தது என்பதைப் பொறுத்து நிறம் வேறுபடும். ஆகவே ஓர் ஆய்வுகூடத்தின் பழுப்பும் மற்றோர் ஆய்வுகூடத்தின் பழுப்பும் ஒன்றெனக் கொள்ளற்க.

2023 இல், கனடாவிலே மொன்றியலைத் தளமாகக் கொண்ட ஆய்வாளர் குழு ஒன்று, 65 புரதங்களுக்கென விற்கப்படும் 614 பிறபொருளெதிரிகளை, பரம்பரையலகு நீக்கிய கலங்களோடு ஒப்பிட்டுச் சோதித்த செய்தியை வெளியிட்டது. தனக்குரிய புரதத்தை அறியமாட்டாத பிறபொருளெதிரியைக் கையாண்ட கட்டுரைகள், ஒரு புரதத்திற்குச் சராசரி பன்னிரண்டளவிலே முன்னரே அச்சாகியிருந்தன. முடிவுகளைக் கண்ட விற்பனையாளர், தவறியவற்றுள் ஐந்திலொரு பங்கினைச் சந்தையினின்றும் நீக்கினர். ஐந்தில் இரு பங்கிற்கு, இன்ன சோதனைக்கே உதவும் எனத் தம் விளக்கக் குறிப்பைத் திருத்தினர். விற்பனைப் பட்டியலைத் திருத்த அவர்களால் முடிந்தது. அச்சேறிய கட்டுரைகளை அவ்வாறு மீளப் பெறுதல் எளிதன்று.